பிக்கப் வண்டிக்குப் பின்பக்கக் காற்றுப்பை

தோட்டத்தில் நன்றாக இருந்த தக்காளியும் கொய்யாவும் மண்டியில் நசுங்கி இறங்கினால் விலை குறைகிறது. இதற்கு மேடுபள்ளமான சாலை மட்டும் காரணமன்று. பிக்கப் வண்டியின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளும் காரணமாகும்.

பட்டைகள் முழுப் பாரத்தைத் தாங்கும்படி விறைப்பாக அமைக்கப்படுகின்றன. குறைந்த பாரம் ஏற்றினாலும் அந்த விறைப்பு குறைவதில்லை. வண்டித் தளம் வினாடிக்கு 3, 4 முறை துள்ளுகிறது. பட்டைகளுக்குப் பதிலாகக் காற்றுப்பைகளைப் பொருத்தினால், பாரத்துக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். தளம் வினாடிக்கு 1 அல்லது 2 முறை மட்டும் மெதுவாக அசையும்.

கணக்கிடும் முறை

முழுப் பாரத்துடன் பின் சக்கரங்களை மட்டும் எடைமேடையில் நிறுத்தி எடை காண வேண்டும். அது 1,700 கிலோ என்று கொள்வோம். சக்கரம், அச்சு ஆகியவற்றின் எடை 200 கிலோ எனில், பைகள் தாங்குவது 1,500 கிலோ. அச்சின் மேல் நேராக அமரும் ஒவ்வொரு பைக்கும் 750 கிலோ. பையின் தாங்கும் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் எனில், தேவையான அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3.75 கிலோ. 7 கிலோ வரை தாங்கும் பை இதற்குப் பொருத்தமானது. குழியில் இறங்கும்போது அழுத்தம் திடீரென உயரும் என்பதால் இந்த இடைவெளி அவசியம்.

கவனிக்க வேண்டியவை

1. பட்டைகள் பாரம் தாங்குவதோடு அச்சை அதன் இடத்தில் பிடித்தும் வைக்கின்றன. அவற்றை எடுத்தால், அச்சு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகராதபடி இரும்புக் கைகள் பொருத்த வேண்டும்.

2. இரு பைகளையும் ஒரே குழாயில் இணைக்கக் கூடாது. வளைவில் ஒரு பையின் காற்று மற்றதற்குப் போய் வண்டி சாயும்.

3. பை டயரிலோ, சூடான புகைக்குழாயிலோ உரசக் கூடாது. பை வெடித்தாலும் வண்டி அமர ரப்பர் கட்டைகள் வேண்டும்.

4. சில வண்டிகளில் தளம் தாழ்வதைக் கொண்டே பின் பிரேக்கின் விசை கூடுகிறது. காற்றுப்பை தளத்தைத் தாழவிடாது. எனவே பாரம் இருந்தும் பின் பிரேக் பலமாகப் பிடிக்காது. அந்த வால்வை முறைப்படி மாற்றாமல் வண்டியைச் சாலையில் இறக்குவது உயிருக்கு ஆபத்து.

காற்றுப்பை பொருத்தியதால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று எண்ணுவது தவறு. அச்சு, டயர், பிரேக் ஆகியவற்றின் வலு மாறுவதில்லை. மேலும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றுவதைத் தடை செய்கிறது. ஆகவே பட்டறைக்குச் செல்லுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, எழுத்து மூலம் பதில் பெறுவது நலம்.

செலவின்றிச் செய்யக்கூடியவையும் உண்டு. டயரில் சரியான அளவு காற்று வைக்கலாம். கிரேட்டுகளை விளிம்புக்குக் கீழ்வரை நிரப்பி, துள்ளாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டலாம். நன்கு பழுத்தவற்றை முன்பக்கம் அடுக்கலாம். பின் அச்சுக்கு அப்பாலும் மேலடுக்கிலும்தான் குலுக்கல் அதிகம். இவற்றை முதலில் செய்து பார்த்த பின், தேவையானால் காற்றுப்பையைப் பற்றி யோசிக்கலாம்.