பணியிடத்தில் பாலியல் தொல்லை: புகார் கொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கெடு இருக்கிறது. கடைசிச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். "இந்த இன்கிரிமென்ட் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டே பலர் அதைக் கோட்டைவிடுகிறார்கள். தக்க காரணம் சொன்னால் புகாரை விசாரிக்கும் குழு இன்னொரு 3 மாதம் தரலாம். அதை நம்பி இருக்காதீர்கள்.

படி 1: இது தொல்லைதானா?

தொடுவது மட்டும் தொல்லை அல்ல. ஆபாசப் பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, பாலியல் இணக்கம் கேட்பது எல்லாமே சட்டத்தில் வருகின்றன. கம்பெனி வேனும் பணியிடம்தான்; வேலைக்காகப் போகிற வெளியூரும் அப்படியே. ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சிக்கு வந்தவர், வீட்டு வேலை செய்பவர் என எந்தப் பெண்ணும் புகார் தரலாம். ஆண்கள் புகார் கொடுக்க இந்தச் சட்டத்தில் வழியில்லை. அது ஒரு குறைதான்.

படி 2: அன்றன்றே எழுதி வையுங்கள்

வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இங்கேதான். ஒரு ஜவுளிக்கடை ஊழியர் புகார் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "சூப்பர்வைசர் எப்பவும் தப்பாக நடந்துகொள்கிறார்" என்று எழுதினால் குழுவால் எதையும் பிடித்துக் கேட்க முடியாது. இப்படி எழுதட்டும்: "மார்ச் 12, மாலை ஆறரை மணி. குடோனில் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து இடுப்பில் கை வைத்தார். தட்டிவிட்டேன். 'ரொம்பத்தான் பண்றே' என்றார். பில் போடும் அக்கா அப்போது உள்ளே வந்தார்." அவர் பேசிய வார்த்தையை, கூசினாலும், அப்படியே எழுதுங்கள். நாகரிகம் பார்த்து மாற்றினால் உங்களுக்குத்தான் நஷ்டம். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள்.

படி 3: யாரிடம் கொடுப்பது?

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளைத் தந்ததால், இன்றும் பலருக்கு அது விசாகா கமிட்டிதான். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு அமைத்த உத்தரவைக் கண்ணில் படும்படி ஒட்டிவைப்பது முதலாளியின் கடமை. குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

10 பேருக்குக் குறைவான இடமா? தொல்லை கொடுப்பவர் முதலாளியேவா? மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போங்கள். அது எங்கே என்று கலெக்டர் அலுவலகத்தில் கேட்கலாம். 181 மகளிர் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். போலீசுக்குப் போகவும் தடையில்லை. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆவது பிரிவு இதற்கானது.

படி 4: புகாரைக் கொடுக்கும்போது

ஆவணங்கள், சாட்சிகளின் பெயர், முகவரியோடு ஆறு பிரதிகள் வேண்டும். உங்கள் கைப்பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் பொறுப்பு.

படி 5: விசாரணைக் காலம்

90 நாளில் விசாரணை முடிய வேண்டும். அதுவரை தொல்லை கொடுத்தவர் முகத்தில் விழிக்க முடியாது என்றால், இருவரில் ஒருவரை இடம் மாற்றவோ 3 மாதம் வரை விடுப்போ எழுத்தில் கேளுங்கள். இந்த விடுப்பு உங்கள் வழக்கமான விடுப்பில் கழியாது.

"பெரிய மனசு பண்ணி விட்டுடும்மா" என்று யாராவது தூது வருவார்கள். நீங்களாகக் கேட்டால்தான் சமரசம். பணம் கொடுத்து முடிப்பதற்கு அதிலும் இடமில்லை. தீர்ப்பு சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

"நிரூபிக்க முடியாவிட்டால் நம்மீதே திருப்பிவிடுவார்களே" என்ற பயம்தான் பலர் வாயைக் கட்டுகிறது. வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தது விசாரணையில் உறுதியானால்தான் நடவடிக்கை. ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் உங்கள்மீது கை வைக்க முடியாது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது.