வியாபாரியின் தொடர்பை முடிப்பது எப்போது, எவ்வாறு?

"நெடுநாள் வாடிக்கை, ஆயினும் பணம் மட்டும் வருவதில்லை" என்பது தனியாருக்குச் சேலை விற்கும் தறிக்காரர் பலரின் குறை. அத்தொடர்பை முடிப்பதா என்பதைக் கோபத்தால் அன்று, கணக்கால் தீர்மானித்தல் வேண்டும்.

ஓர் உதாரணம் கொள்வோம். சரக்கின் அடக்கம் ரூ. 90,000, விலை ரூ. 1,00,000. அடக்கம் முழுவதும் 12 சதவீத வட்டிக் கடன். பணம் ஆறு மாதம் தாமதித்தால் வட்டி ரூ. 5,400. 'பழுது' என்று வியாபாரி பிடித்துக் கொள்வது ரூ. 5,000. லாபம் எனக் கருதிய ரூ. 10,000 போய், மேலும் ரூ. 400 நஷ்டமாகும். ஒரு முறை தவறியவருக்குக் கெடுவை எழுத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் இதே கணக்காயின், விலகுவதே நலம்.

விலகும் முறை:

1. முதலில் பாக்கித் தொகையை எழுதி, தேதியுடன் அவர் கையொப்பம் பெறுக. சரக்கு விலைக்கு வழக்கிடக் காலவரம்பு மூன்றாண்டு. அதற்குள் பெற்ற எழுத்தொப்புதல் அவ்வரம்பைப் புதிதாகத் தொடங்கும்.

2. ஏற்ற பாவை நெய்து முடித்துக் கொடுக்க, புதுச்சரக்கு ரொக்கத்திற்கே. அவர் தந்த நூல் மிச்சமிருப்பின், ரசீது பெற்றுத் திருப்புக.

3. அதற்குள் சில தறிகளையேனும் சங்கத்திற்கோ வேறு வியாபாரிக்கோ மாற்றுக.

4. உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கும். ஒப்பந்தக் கெடு 45 நாளைத் தாண்டலாகாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டியுண்டு. வசதியாக்கக் கவுன்சிலில் முறையிடலாம்.

கடுஞ்சொல் வேண்டா. நாளை அவரே ரொக்கத்துடன் வரக்கூடும்.