எண்ணும் பொறியும் எண்ணும் அறிவும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று சவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் அது பரந்து கிடக்கின்றது. அம்மலையில் தோன்றும் செய்யாறு, அடிவாரத்துச் செங்கம் வழியாக ஓடுகின்றது. செங்கமே பண்டைக் காலத்தில் செங்கண்மா என்னும் பெயருடன் நன்னனது தலைநகராய் விளங்கியது. அவனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், பத்துப்பாட்டுள் ஒன்று. 583 அடிகளை உடையது.

மாணவர்களே! அந்நூலில் 'மலை' என்னுஞ் சொல் எத்தனை இடங்களில் வந்துள்ளது என்று ஒருவர் வினவினால் யாது செய்வீர்கள்? அடிதோறும் விரல் வைத்து எண்ணுவீர்கள். யாங்கள் கற்ற காலத்தில் அதுவே வழி. சொற்களைத் தேடுவோர்க்குத் துணையாகப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவினை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றி யாவர்க்கும் வழங்கலாயிற்று. நூல் பொறிக்குள் புகுந்தபின், எண்ணும் வேலையையும் பொறியினிடமே ஒப்படைக்கலாம் அன்றோ?

அதற்குப் பைத்தான் என்னும் கணிமொழி உதவும். அது 1991இல் வெளிவந்தது. அதில் 'கவுண்ட்' என்றொரு கட்டளை உண்டு. நூலையும் தேடும் எழுத்துத் தொடரையும் கொடுத்தால், அத்தொடர் எத்தனை முறை வந்தது என்பதை நொடிப்பொழுதில் கூறிவிடும். ஆயினும், பொறி கூறும் எண்ணை அப்படியே நம்புதல் தகுமா? ஒரு வாக்கியத்தால் சோதித்துப் பார்ப்போம்.

"மலையில் வாழும் மகளிர் மலர்களைக் கொய்து கூந்தலில் மலைந்தனர், மாலையில் மலையடி சேர்ந்தனர்."

இதில் 'மலை' எத்தனை என்று கேட்டால், பொறி மூன்று என்னும். 'மலையில்', 'மலையடி' என்னும் இரண்டே குன்றைக் குறிப்பன. 'மலைந்தனர்' என்பதோ 'அணிந்தனர்' எனப் பொருள்படும் வினைமுற்று. பொறி எழுத்தைக் கண்டது, பொருளைக் காணவில்லை.

இனி, 'மல' என்பதைத் தேடுவோம். தமிழெழுத்து முறையில் அது 'மலர்' என்பதில் மட்டுமே உள்ளது, விடை ஒன்று. பொறியோ நான்கு என்னும். ஏன்? யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் 'லை' என்னும் உயிர்மெய் ஓரெழுத்தாக இல்லை. 'ல' ஒரு குறியெண், ஐகாரக்குறி மற்றொரு குறியெண். ஆதலின் 'மலை' என்பதற்குள்ளும் 'மல' ஒளிந்திருக்கின்றது. இதனைத் தவிர்க்க, அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வரலாகாது என்னும் விதியை நாமே எழுதிக் கொடுத்தல் வேண்டும். 'கொ' போன்ற எழுத்துக்களில் வேறோர் இடர் உண்டு. ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கு வெவ்வேறு. எனவே எண்ணுமுன் நூல் முழுவதையும் ஒரே முறைக்குக் கொணர்தல் வேண்டும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. 'கலகலகல' என்பதில் 'கலகல' எத்தனை? முதலெழுத்தில் தொடங்கினால் ஒன்று, மூன்றாம் எழுத்தில் தொடங்கினால் மற்றொன்று, ஆக இரண்டு. மேற்கூறிய கட்டளையோ, ஒருமுறை பொருந்திய எழுத்துக்களை மீண்டும் பாராது, அவற்றைத் தாண்டிச் சென்றுவிடும். ஆதலின் ஒன்று என்றே விடை தரும். இது பொறியின் பிழையன்று. அதற்கு வகுத்த விதி அது. விதியை அறியாது விடையை ஏற்பதே பிழை.

இவையெல்லாம் வெறும் விளையாட்டு என்று எண்ணற்க. நாம் தொடக்கத்திற் கூறிய மலையின் பெயரையே சவ்வாது என்றும், ஜவ்வாது என்றும், ஜவாது என்றும் பலவாறு எழுதுவர். ஆவணத் தொகுதி ஒன்றில் 'ஜவ்வாது' என்று மட்டும் தேடினால், ஏனை இரு வடிவில் எழுதப்பட்ட செய்திகள் கணக்கிற் சேரா. அம்மலைவாழ் மக்களின் பள்ளியைப் பற்றியும் பாதையைப் பற்றியும் எழுதிய ஏடுகள் இருந்தும் இல்லாதன ஆகிவிடும். மூன்றற்கும் பொதுவான 'வாது' என்பதைத் தேடினாலோ, 'வாதுமை'யும் 'ஓவாது' என்பதும் உடன் வந்து எண்ணிக்கையைப் பெருக்கும். ஆதலின் வடிவங்கள் அனைத்தையும் முதலில் தொகுத்து, ஒவ்வொன்றாகத் தேடி, வந்த இடங்களிற் சிலவற்றையேனும் கண்ணாற் படித்துச் சரிபார்த்தல் வேண்டும்.

தமிழில் 'எண்ணுதல்' என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் சிந்தித்தல் என்றும் இரு பொருள் உண்டு. முன்னதைப் பொறி செய்யட்டும். நம்மினும் விரைவாகவே செய்யும். எதனை எண்ணுவது, எதனை விடுவது என்று துணியும் பின்னதோ நம்முடைய கடன். அக்கடனைப் பொறியின் தலையிற் சுமத்தாதிருப்பதே கற்றவர்க்கு அழகு.