ஒரே மைதானம், எத்தனை ஆட்டம்? அளந்து பார்ப்போமா!



போன வாரம் ஸ்டேடியத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். குறுவட்டப் போட்டிக்காக நாம் ஈட்டி எறிந்து பழகப் போனோம். காலேஜ் அண்ணன்கள் ஃபுட்பால் ஆட வந்திருந்தார்கள். "நாங்கதான் முதல்ல வந்தோம்" என்று இரண்டு பக்கமும் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே நம்ம பையன் எறிந்த ஈட்டி, கோல்கீப்பர் அண்ணனுக்குப் பத்தடி தள்ளிக் குத்தி நின்றது. அப்புறம் யாரும் பேசவில்லை.

பி.டி. சார் திட்டவில்லை. மறுநாள் டேப்பைக் கையில் கொடுத்து, "முதல்ல மைதானத்தை அளங்கடா, அப்புறம் சண்டை போடலாம்" என்றார். அளந்தபோது சார் சொல்லிக்கொடுத்த பாடம்தான் இது.

1. ஓடுதளம் ஏன் 400 மீட்டர்?

இரண்டு நேர்கோடு, இரண்டு அரைவட்டம். இவ்வளவுதான் ஓடுதளம். முறைப்படி நேர்கோடு ஒவ்வொன்றும் 84.39 மீ. அரைவட்டத்தின் ஆரம் 36.50 மீ. ஆனால் யாரும் விளிம்பை உரசிக்கொண்டு ஓடமாட்டார்கள். அதனால் 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள். அப்போது ஆரம் 36.80 மீ.

நேர்கோடுகள்: 2 × 84.39 = 168.78 மீ.
வளைவுகள்: 2 × 3.1416 × 36.80 = 231.22 மீ.
மொத்தம்: 400 மீ.

வட்டத்தின் சுற்றளவு எதுக்குப் படிக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்!

2. எட்டாவது லேன்காரர் ஏமாற்றுகிறாரா?

400 மீ. ஓட்டத்தில் வெளி லேனில் நிற்பவர் ரொம்ப முன்னால் நிற்பார். "சார், அவன் முன்னாடி நிக்கிறான்!" என்று நாமும் கத்தியிருக்கிறோம். அது ஏமாற்று இல்லை. ஒரு லேனின் அகலம் 1.22 மீ. வெளியே போகப் போக வளைவு பெரிதாகும். அதைச் சரிக்கட்ட இரண்டாவது லேனுக்கு 7.04 மீ. முன்னால் கோடு போடுவார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு லேனுக்கும் 7.67 மீ. கூடும். எட்டாவது லேனுக்கு ஏறக்குறைய 53 மீ.

3. நடுவில் ஃபுட்பால் அடங்குமா?

அடங்கும், ஆனால் நெருக்கித்தான். பெரிய போட்டிக்கான களம் 105 × 68 மீ. ஓடுதளத்துக்கு உள்ளே அகலம் 73 மீ. ஆகப் பக்கத்துக்கு 2.5 மீ. மிச்சம். நான்கு மூலையிலும் களம் வளைவுக்குள் நீட்டிக்கொண்டு போகிறது. அங்கே ஓடுதளத்துக்கும் கொடிக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இல்லை. கார்னர் கிக் அடிப்பவர் ஓடுதளத்தில் நின்றுதான் ஓடிவர வேண்டும்.

4. கிரிக்கெட்?

சர்வதேச ஆட்டத்தில் பிட்ச் நடுவிலிருந்து எல்லைக்கோடு குறைந்தது 59.43 மீ. இருக்க வேண்டும். இங்கே நடுவிலிருந்து பக்கவாட்டில் 36.50 மீ.தான். எட்டு லேனைச் சேர்த்தாலும் 46.26 மீ. போதாது.

உங்களுக்குத் தெரியுமா? சென்னை நேரு விளையாட்டரங்கம் இருக்கும் இடத்தில் முன்பு கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது. அங்கே 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். 2008 வரை அதை யாராலும் மிஞ்ச முடியவில்லை. இப்போது அங்கே கால்பந்தும் தடகளமும் நடக்கின்றன. டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்தில்.

5. ஈட்டி எறிதல்: கவனம்!

ஈட்டி விழும் பகுதியின் கோணம் 28.96 டிகிரி. விசித்திரமான எண்ணாக இருக்கிறதே என்று கேட்டோம். ஆனால் சுலபம்: எவ்வளவு தூரமோ, அதில் பாதி அகலம். 40 மீ. தூரத்தில் 20 மீ. அகலம். 60 மீ. தூரத்தில் 30 மீ. அதுவும் ஈட்டி கோட்டுக்குள்ளேதான் விழும் என்று யார் சொல்ல முடியும்? அதாவது ஃபுட்பால் களத்தின் பெரும்பகுதி நமக்கு வேண்டும். அங்கே அந்த நேரத்தில் ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது.

அளந்து முடித்ததும் புரிந்தது என்ன? ஓட்டமும் ஃபுட்பாலும் ஒரே நேரத்தில் நடக்கலாம். எறிதலும் ஃபுட்பாலும் ஒருநாளும் சேர்ந்து நடக்கக் கூடாது. இடத்தைப் பிரிக்க முடியாது, நேரத்தைத்தான் பிரிக்க வேண்டும்.

காலேஜ் கேப்டன் அண்ணனிடம் நாங்களே போய் மன்னிப்புக் கேட்டோம். அவரும் சாரும் சேர்ந்து அட்டவணை போட்டிருக்கிறார்கள்:

திங்கள், புதன், வெள்ளி: மாலை 4.15 முதல் 5 வரை எறிதல். களம் முழுக்க நமக்கு.
5 மணிக்கு மேல்: ஃபுட்பால். ஓடுபவர்கள் 5 முதல் 8 வரையுள்ள லேன்களில் மட்டும்.
எறிந்த ஈட்டியை எடுக்க, விசில் அடித்த பிறகே போக வேண்டும். கையில் கொண்டுவர வேண்டும், திருப்பி எறியக் கூடாது.

யார் முதலில் வந்தார் என்பது இனிமேல் கேள்வியே இல்லை. அந்தப் பத்தடியை மட்டும் மறக்க வேண்டாம்.

செய்து பார்க்க: ஆறாவது லேனுக்கு எத்தனை மீட்டர் முன்னால் கோடு போட வேண்டும்? விடையை பி.டி. சாரிடம் காட்டவும்.

– 9 'ஆ' பிரிவு