நீலத் திரைக்கு ஏன் சிரிக்கிறார்கள்?

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூரில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். கம்ப்யூட்டர் நீலத் திரை காட்டி நின்றால் எனக்கு வயிறு கலங்குகிறது. மற்றவர்கள் மீம்ஸ் போட்டுச் சிரிக்கிறார்களே, எப்படி?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: சிரிப்பு வருவது அக்கறை இல்லாததால் அல்ல. எத்தனை பெரிய ஆளானாலும் அந்தத் திரை முன் ஒன்றுதான்.

1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சி மேடையில் விண்டோஸ் 98-ஐ விளக்கினார்கள். ஸ்கேனரை இணைத்ததும் நீலத் திரை! பக்கத்தில் நின்றவர் மைக்ரோசாஃப்ட் தலைவர் பில் கேட்ஸ். அரங்கம் கைதட்டிச் சிரித்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலும் என்று அவரே சமாளித்தார். அந்தக் காட்சி இன்றும் இணையத்தில் ஓடுகிறது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையோடு முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பயணிகள் அதைப் படமெடுத்துப் பகிர்ந்தார்கள். பெல்ஜிய நையாண்டி எழுத்தாளர் ஒருவரோ, ‘கிரவுட்ஸ்ட்ரைக்கில் எனக்கு இன்று முதல் நாள் வேலை, சின்ன அப்டேட் அனுப்பிவிட்டேன்’ என்று படம் போட்டார். பலர் நிஜமென்றே நம்பினார்கள்!

சிரிப்பு இருக்கட்டும், பாராட்டு யாருக்கு? பல கணினிகளைச் சேஃப் மோடில் திறந்து, அந்த அப்டேட்டில் வந்த பிழைக் கோப்பைக் கையாலேயே அழித்துச் சரிசெய்த ஊழியர்களுக்கு.

நீங்கள் பதறாதீர்கள். திரையின் அடியில் வரும் பிழைக் குறியீட்டை உடனே செல்போனில் படமெடுத்து வையுங்கள். பழுது பார்ப்பவருக்குப் பாதி வேலை அதிலேயே முடியும்.