காபித் திப்பியை நேரே தொட்டியில் கொட்டலாமா?

டிகாக்‌ஷன் முழுக்க இறங்கியபின் ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் தங்கும் திப்பியை ரோஜாத் தொட்டியிலோ கறிவேப்பிலைத் தொட்டியிலோ தட்டிவிடுவது பல வீடுகளில் அன்றாட வழக்கம். குப்பைக்குப் போவதைச் செடிக்குக் கொடுக்க நினைப்பது நல்ல எண்ணம். கொடுக்கும் விதத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். காபித் திப்பி இன்னும் உரமாகவில்லை. உரமாவதற்கான கச்சாப்பொருள் அவ்வளவுதான். மக்கிய பிறகுதான் அது செடிக்குச் சத்து. மக்காமல் தொட்டியில் போட்டால், குறிப்பாக இளஞ்செடிக்குப் போட்டால், வளர்ச்சி குன்றவே வாய்ப்பு அதிகம். எனவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி மக்கவைப்பதைப் பற்றியதாகவே இருக்கும். வீட்டுக்குள் திப்பி செய்யும் சில்லறை உதவிகளைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் கணக்கு. மூன்று நான்கு பேர் காபி குடிக்கும் வீட்டில் நாளொன்றுக்கு 30 கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 11 கிலோ. சிக்கரி கலக்காத தூளாக இருந்தால் அதில் கால் பங்கு டிகாக்‌ஷனோடு கரைந்து போக, உலர்ந்த கணக்கில் 8 கிலோ திப்பி மிஞ்சும். அதில் தழைச்சத்து சுமார் 2 சதவீதம். அதாவது 160 கிராம். சிக்கரித் தூளில் பாதிக்கு மேல் நீரிலேயே கரைந்துவிடுவதால் கலப்புத் தூள் வாங்கும் வீட்டில் திப்பியும் குறையும், அதிலுள்ள காஃபினும் குறையும். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய உணவுத் தர விதி. மீதி முழுவதும் சிக்கரியாக இருக்கலாம். பாக்கெட்டில் விகிதம் அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளலாம். இன்ஸ்டன்ட் காபி குடிப்பவர்களுக்குத் திப்பியே கிடையாது.

இந்த 2 சதவீதத்தை மற்ற உரங்களோடு வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். தொழுஉரத்தில் தழைச்சத்து அரை சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. வேப்பம் புண்ணாக்கில் 5, கடலைப் புண்ணாக்கில் 7. அப்படியென்றால் காபித் திப்பி தொழுஉரத்தைவிட நான்கு மடங்கு உசத்தி அல்லவா? காகிதத்தில் அப்படித்தான் தெரியும். ஆனால் தொழுஉரம் மாட்டின் வயிற்றிலும் பிறகு எருக்குழியிலும் நுண்ணுயிர்களின் கைபட்டு, மாதக்கணக்கில் மக்கி வந்தது. திப்பியில் உள்ள தழைச்சத்தோ புரதமாகவும், வறுக்கும்போது உண்டான கடினமான கூட்டுப்பொருள்களாகவும் பூட்டிக் கிடக்கிறது. வேர் அதை அப்படியே உறிஞ்ச முடியாது. நுண்ணுயிர்கள் அதை உடைத்துத் தர வேண்டும். உடைக்கும் வேலையில் பெருகும் நுண்ணுயிர்கள் மண்ணில் ஏற்கெனவே கரைந்திருக்கும் தழைச்சத்தையும் தமக்காக எடுத்துக்கொள்வதுண்டு. செடிக்குக் கிடைக்க வேண்டியது அந்த நாட்களில் செடிக்குக் கிடைக்காது.

இது வெறும் ஊகமல்ல. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் சாரா ஹார்ட்குரோவும் ஸ்டீபன் லிவ்ஸ்லியும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. பிராக்கோலி, லீக், முள்ளங்கி, வயோலா, சூரியகாந்தி என்ற ஐந்து செடிகளை மணற்பாங்கான மண் முதல் வண்டல் வரை மூன்று வகை மண்ணில் வளர்த்தார்கள். மக்காத காபித் திப்பி கலந்த மண்ணில் ஐந்தும் மோசமாகவே வளர்ந்தன. உரம் சேர்த்துப் பார்த்தும் நிலைமை சீராகவில்லை. உரம் போட்டும் தேறவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது: தழைச்சத்துப் பற்றாக்குறை மட்டுமே காரணம் என்றால் உரம் அதை ஈடுகட்டியிருக்கும். திப்பியில் மிஞ்சியிருக்கும் பொருள்களே செடியை ஒடுக்குகின்றன என்ற முடிவுக்கு அந்த ஆய்வு வந்தது. காஃபினும் அதோடு சேர்ந்த ஃபீனால் வகைப் பொருள்களும் முளைப்பையும் வேர் வளர்ச்சியையும் தடுப்பவை என்பது முன்பே தெரிந்ததுதான். அதே ஆய்வில் திப்பி மண்ணின் நீர்பிடிப்பைக் கூட்டியது, களையையும் கட்டுப்படுத்தியது. களையை ஒடுக்குவது கத்தரி நாற்றையும் ஒடுக்கும் என்பதை மறந்துவிட்டு இதில் மகிழ முடியாது.

அடுத்து அமிலம். ரோஜாவுக்கும் ஹைட்ராஞ்சியாவுக்கும் அமில மண் பிடிக்கும், காபி அமிலத்தன்மை உடையது, ஆகவே திப்பி போட்டால் மண் அமிலமாகும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். காபியின் அமிலத்தில் பெரும்பங்கு டிகாக்‌ஷனோடு இறங்கி டம்ளருக்குப் போய்விடுகிறது. மக்கும் திப்பியின் பி.எச். அளவு வெவ்வேறு சோதனைகளில் 4.6 முதல் 8.4 வரை காட்டியிருக்கிறது. அதாவது அமிலமாகவும் இருக்கலாம், காரமாகவும் இருக்கலாம். மெல்போர்ன் சோதனையிலும் மண்ணின் அமிலத்தன்மை மாறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. உப்புத் தண்ணீர் ஊற்றும் போர்வெல் வீடுகளில் கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளாவது பெரும்பாலும் கார மண்ணில் இரும்புச்சத்து கிடைக்காததால். அதற்குத் திப்பி மருந்தாகாது. மழைநீர் பிடித்து ஊற்றுவதும், மக்கிய உரம் தொடர்ந்து போடுவதும், தேவைப்பட்டால் இரும்புச்சத்துக் கரைசல் தெளிப்பதும்தான் வழி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கொல்லைப்புறத்து முருங்கைக்கும் வாழைக்கும் காலங்காலமாகத் திப்பியைக் கொட்டித்தானே வந்தோம், மரம் செழிப்பாகத்தானே நின்றது? உண்மை. கொல்லையில் ஒரு கைப்பிடித் திப்பி பெரும் நிலப்பரப்பில் விழுகிறது. அதன்மேல் சருகு சேர்கிறது, மண்புழு வருகிறது, மழை கழுவுகிறது. சில வாரங்களில் அது விழுந்த இடத்திலேயே மக்கிவிடுகிறது. முற்றிய மரத்தின் வேர் ஆழத்திலும் அகலத்திலும் பரவியிருப்பதால் மேலே நடப்பது அதைத் தொடுவதே இல்லை. பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு இந்த வசதி ஒன்றும் கிடையாது. தினம் விழும் திப்பி அங்கேயே அடுக்கடுக்காகச் சேர்கிறது. வழக்கம் தவறில்லை, வளர்க்கும் இடம் மாறிவிட்டது. கொல்லை உள்ளவர்கள் தண்டை ஒட்டிக் கொட்டாமல், ஒரே இடத்தில் குவிக்காமல், பரவலாகத் தூவிச் சருகால் மூடிவிட்டால் போதும். மாடித் தோட்டக்காரர்களுக்குத்தான் கூடுதல் வேலை.

அந்த வேலை திப்பியை எடுப்பதில் தொடங்குகிறது. ஃபில்டரில் ஈரத்தோடு விட்டால் இரண்டாம் நாளே வெண்பூஞ்சை படரும். பூஞ்சை பிடித்தது உரத்தொட்டிக்குப் போகலாம், வீட்டுக்குள் பயன்படாது. அதனால் தண்ணீர் வடிந்ததும் கரண்டியால் தளர்த்தி, பழைய தட்டிலோ செய்தித்தாளிலோ அரை சென்டிமீட்டர் தடிப்புக்கு மேல் போகாமல் பரப்பி வெயிலில் வைக்க வேண்டும். நல்ல வெயிலில் ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிடும். விரலிடுக்கில் தேய்த்தால் ஒட்டாமல் உதிர வேண்டும். காய்ந்ததை மூடி போட்ட டப்பாவில் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் சேர்க்கலாம். மழைக்காலத்தில் காயவைக்க முடியாவிட்டால் அன்றன்றைக்கே உரத்தொட்டியில் போட்டுவிடுங்கள். பால், சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து வடிகட்டிய திப்பியானால் எறும்பும் ஈயும் வரும். தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுத்தான் காயவைக்க வேண்டும்.

உரத்தொட்டிக்குப் பழைய பிளாஸ்டிக் பக்கெட் போதும். அடியில் ஐந்தாறு துளை, பக்கங்களில் காற்றுக்குச் சில துளை. அடியில் தேங்காய் மட்டைத் துண்டோ குச்சியோ போட்டு, அதன்மேல் நான்கு விரல் உயரம் காய்ந்த சருகு. பிறகு காய்கறித் தோல், மேலே திப்பி, மறுபடி சருகு. பழுப்பு நிறத்தில் இருப்பதால் திப்பியைச் சருகோடு சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். உரக்கணக்கில் அது தழைச்சத்து தரும் பச்சைப் பொருளின் பக்கம். அதனால் திப்பி கூடக் கூடச் சருகும் கூட வேண்டும். சருகு கிடைக்காத அடுக்குமாடிவாசிகள் தென்னை நார்க் கழிவையோ கிழித்த செய்தித்தாளையோ போடலாம். அளவுதான் முக்கியம்: மொத்தக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திப்பி வேண்டாம். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை அறிஞர் லிண்டா சால்கர்-ஸ்காட் சொல்லும் 20 சதவீத வரம்பு இது. தொடக்கத்தில் ஒரு டம்ளர் புளித்த மோரோ ஒரு கை பழைய மக்கிய உரமோ தெளித்தால் நுண்ணுயிர் விரைவில் பெருகும். வாரத்துக்கு ஒருமுறை அடி மேலாகக் கிளறுங்கள். ஈரப்பதத்துக்கு ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள்: உள்ளங்கை நனைய வேண்டும், ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். சருகு சேர்த்துக் கிளறினால் சரியாகும். மண்புழுத் தொட்டி வைத்திருப்பவர்களும் இதே வரம்பைப் பின்பற்றலாம். திப்பியை மட்டுமே தீனியாகப் போடக் கூடாது.

இரண்டு மூன்று மாதங்களில் கலவை கறுத்து, உதிரியாகி, முதல் மழை மண்ணைப் போல வாசம் வீசும். மக்கிவிட்டதா என்ற சந்தேகத்தைக் கண்ணால் தீர்ப்பதைவிட வெந்தயத்தால் தீர்ப்பது நல்லது. இரண்டு சிறு கிண்ணங்களில் ஒன்றில் வெறும் தோட்ட மண், இன்னொன்றில் அதே மண்ணோடு சம அளவு உங்கள் உரம். இரண்டிலும் இருபது இருபது வெந்தயம் விதைத்து ஒரே அளவு தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்தில் எண்ணிப் பாருங்கள். உரம் கலந்த கிண்ணத்தில் முளைப்பு குறைந்தாலோ, முளைத்தவற்றின் வேர் குட்டையாகிப் பழுத்திருந்தாலோ இன்னும் மக்கவில்லை. மூடிவைத்து மேலும் மூன்று வாரம் பொறுங்கள். “எங்கள் வீட்டு ரோஜா திப்பியில்தான் பூக்கிறது” என்று சொல்பவர்களுக்கும் இந்தச் சோதனையையே பரிந்துரைப்பேன். பக்கத்தில் திப்பி போடாத ரோஜா ஒன்று இருந்தால்தானே பூத்தது திப்பியாலா, வெயிலாலா, கவாத்தாலா என்று தெரியும்?

தேறிய உரத்தைத் தொட்டி மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு கலக்கலாம். வளர்ந்த செடிக்கு மாதம் ஒரு கைப்பிடி போட்டு மேல் மண்ணைக் கொத்திவிடலாம். நாற்றுப் பாத்திக்கும் கீரை விதைப்புக்கும் மக்காத திப்பி சிட்டிகைகூட வேண்டாம். மேல்மூடாக்காகத் திப்பியைப் பரப்புவதையும் தொட்டியில் தவிர்த்துவிடுங்கள். அதன் துகள் மிக நுண்மையானது. வெயிலில் காய்ந்ததும் இறுகி ஏடாகப் படிகிறது. அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் சொட்டுச் சொட்டாக உருண்டு ஓரத்துக்கு ஓடி, தொட்டிச் சுவரை ஒட்டி இறங்கி அடித்துளை வழியே வெளியேறும். தட்டில் தண்ணீரைப் பார்த்துச் செடி குடித்துவிட்டது என்று நினைப்போம்; ஏட்டைப் பெயர்த்தால் நடுவில் மண் உலர்ந்து கிடக்கும்.

நத்தைக்குத் திப்பி தடுப்பு என்பது பாதி உண்மை. ஹவாயில் ஹாலிங்ஸ்வொர்த் குழுவினர் 2002-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஆய்வில் 1 முதல் 2 சதவீதக் காஃபின் கரைசல் நத்தைகளைக் கொன்றது. குடிக்கும் காபியில் இருப்பதோ 0.05 சதவீதத்தை ஒட்டியது. டிகாக்‌ஷன் இறங்கிய திப்பியில் மிஞ்சுவது இன்னும் சொற்பம். மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தை ஏறினால் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவதே பலன் தரும். கொசுவும் அப்படியே. அடர்ந்த காபிக் கரைசல் ஏடிஸ் புழுக்களைப் பாதிப்பதை ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. அதை நம்பித் தொட்டித் தட்டில் தண்ணீரைத் தேங்கவிட்டால் டெங்குவுக்கு இடம் கொடுத்ததாகும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

வீட்டுக்குள், நன்றாகக் காய்ந்த திப்பியைச் சிறு கிண்ணத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால் வாடை ஓரளவு குறையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றி, பழையதை உரத்தொட்டியில் போடலாம். இரும்பு வாணலியிலும் தோசைக்கல்லிலும் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்க்கவும், பூண்டு நறுக்கிய, மீன் கழுவிய கையைத் தேய்த்துக் கழுவவும் திப்பி உதவும். நான்ஸ்டிக் பாத்திரத்தைக் கீறும், பளிங்கிலும் வெள்ளைத் துணியிலும் கறை பிடிக்கும், அங்கே வேண்டாம். தேய்த்த திப்பியைச் சிங்கில் விட வேண்டாம். தண்ணீரில் கரையாத துகள், குழாயில் உள்ள எண்ணெயோடு சேர்ந்து வளைவில் கெட்டிப்படும். ஒரு பழைய சல்லடையில் பிடித்துக்கொள்ளுங்கள். நாய் வளர்க்கும் வீட்டில் காயவைக்கும் தட்டு அதன் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். காஃபின் நாய்க்கு நஞ்சு.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் குப்பையிலேயே போடலாமே என்றால், கலந்த குப்பையோடு போன திப்பி சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பைக் கிடங்குகளில் காற்றில்லாமல் அழுகி மீத்தேனை வெளியிடும். காற்றோட்டத்தோடு மக்கவைத்தால் அது பெரும்பாலும் நடக்காது. உரத்தொட்டி வைக்க இடமில்லாதவர்கள் ஈரக்குப்பை வாளியில் தனியாகப் போட்டுத் தந்தாலும் அது மாநகராட்சியின் உரக்கூடத்துக்குப் போக வாய்ப்புண்டு. மாறாக, ஆர்வத்தில் பக்கத்துக் காபிக் கடையிலிருந்து பக்கெட் பக்கெட்டாகத் திப்பி வாங்கிவரும் மாடித் தோட்டக்காரர்கள் வாங்குவதற்கு முன் சருகைக் கணக்கிட வேண்டும். ஒரு பக்கெட் திப்பிக்கு நான்கு பக்கெட் மற்ற பொருள் தேவை, அதில் பெரும்பங்கு சருகாக இருக்க வேண்டும். அவ்வளவு சருகு கைவசம் இல்லையென்றால் அன்றைக்கு அரை பக்கெட் மட்டும் வாங்கி வாருங்கள்.