அலகு சொல்வது என்ன?

பொழுது விடிகிறது. ஏரிக்கரையில் பறவைகள் இரை தேடுகின்றன.

கொக்கு அசையாமல் நிற்கிறது. மீன் தெரிந்ததும் நீண்ட அலகால் சட்டென்று கவ்வுகிறது. வாத்து தட்டையான அலகால் சேற்றுத் தண்ணீரை அலசுகிறது. மரங்கொத்தி உளி போன்ற அலகால் பட்டையைக் கொத்துகிறது. கிளி வளைந்த அலகால் கொய்யாப் பழத்தைக் குடைகிறது.

பறவைக்குக் கை இல்லை. அலகுதான் அதற்குக் கை. அலகுதான் அதன் கருவி.

ஆறு வகுப்புகள்

ஐரோப்பாவில் சுவீடன் என்ற நாடு இருக்கிறது. அங்கே லின்னேயஸ் என்ற அறிஞர் வாழ்ந்தார். உலகில் உள்ள உயிர்களை எல்லாம் வகை பிரித்துப் பெயரிட விரும்பினார். 1758ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் பறவைகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்தார். பிரிப்பதற்கு அவர் முக்கியமாகப் பார்த்தவை அலகும் காலும்.

இதில் ஒரு வசதி இருந்தது. இறந்த பறவையின் சதை அழுகிவிடும். அலகும் காலும் எளிதில் கெடாது. வெகு தொலைவிலிருந்து வந்த பறவையாக இருந்தாலும் அவற்றைப் பார்க்கலாம், அளக்கலாம்.

கொக்கிபோல் வளைந்த அலகு உள்ள கழுகு, பருந்து, ஆந்தை ஆகியவற்றை லின்னேயஸ் ஒரே வகுப்பில் வைத்தார். கீச்சான் என்ற சிறு குருவியையும் அதே வகுப்பில் சேர்த்தார். கீச்சானின் அலகு நுனியும் கொக்கிபோல் இருக்கும். அது வெட்டுக்கிளியையும் சிறு பல்லியையும் பிடித்துத் தின்னும்.

காகத்தைக் கிளி, மீன்கொத்தி, மரங்கொத்தியோடு சேர்த்தார். சிட்டுக்குருவியை வேறு வகுப்பில் வைத்தார்.

தீவில் கிடைத்த குருவிகள்

1835ஆம் ஆண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த டார்வின் என்ற இளைஞர் கப்பலில் கலாபகஸ் தீவுகளுக்குப் போனார். அவை தென் அமெரிக்காவுக்கு மேற்கே, பசிபிக் கடலில் உள்ளன. அங்கே சிறு குருவிகள் பலவற்றைச் சேகரித்தார். ஒன்றுக்குத் தடித்த அலகு. அது கெட்டியான விதையை உடைக்கும். இன்னொன்றுக்கு மெல்லிய அலகு. அது பூச்சி பிடிக்கும். அலகு வேறு வேறாக இருந்ததால் இவை வேறு வேறு இனப் பறவைகள் என்றே டார்வின் நினைத்தார்.

லண்டனில் ஜான் கோல்டு என்ற பறவை அறிஞர் அவற்றை ஆராய்ந்தார். 1837இல் அவர் சொன்ன முடிவு டார்வினை யோசிக்க வைத்தது. அந்தக் குருவிகள் எல்லாம் நெருங்கிய உறவினம் என்றார் கோல்டு.

இது எப்படி? ஒரு வீட்டில் அண்ணன் தச்சர், தம்பி கொத்தனார். அண்ணன் கையில் உளி, தம்பி கையில் கரண்டி. கருவி வேறு. ஆனாலும் இருவரும் ஒரு தாய் பிள்ளைகள். பக்கத்து ஊரிலும் ஒருவர் உளி வைத்திருக்கிறார். அதனால் அவர் அந்த அண்ணனுக்குச் சொந்தம் ஆகிவிடுவாரா?

பறவையின் அலகும் அப்படித்தான். அது என்ன தொழில் செய்கிறது என்று அலகு சொல்லும். அது யாருக்கு உறவு என்பதை அலகு மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. உறவினங்கள் வேறு வேறு இரை தேடினால், பல தலைமுறைகளில் அலகு வேறுபடும். உறவில்லாதவை ஒரே வகை இரை தேடினால், அலகு ஒன்றுபோல் ஆகும்.

உள்ளே இருக்கும் எழுத்து

ஒவ்வோர் உயிரின் உடலிலும் மரபணு இருக்கிறது. அது தாய் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வரும் குறிப்பு. எழுத்துகளைப் போல வரிசையாக அமைந்தது. அந்த வரிசையைப் படிக்க அறிவியலார் கற்றுக்கொண்டார்கள். இரண்டு பறவைகளின் வரிசையை ஒப்பிட்டால் உறவு தெரியும்.

2008இல் 169 வகைப் பறவைகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. வல்லூறுக்கும் பருந்துக்கும் ஒரே மாதிரி அலகு. இரண்டும் வேட்டையாடும். ஆனால் வல்லூறு பருந்தைவிடக் கிளிக்கு நெருங்கிய உறவு என்று அந்த ஆய்வு காட்டியது!

கீச்சானும் கழுகின் உறவு அல்ல. அது காகத்துக்கு நெருங்கிய உறவு. காகமும் சிட்டுக்குருவியும்கூட இன்று ஒரே வகுப்பில்தான் இருக்கின்றன.

அப்படியானால் லின்னேயஸின் உழைப்பு வீணா? இல்லை. முதலில் ஒருவர் வகை பிரித்து எழுதி வைத்தார். எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அதைப் படித்தார்கள், சோதித்தார்கள், தவறு இருந்த இடத்தில் திருத்தினார்கள். அறிவியல் இப்படித்தான் வளர்கிறது.

பேசுவோம்

1. உங்கள் ஊரில் நீங்கள் பார்க்கும் ஐந்து பறவைகளின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றின் அலகும் எந்தக் கருவியைப் போல் இருக்கிறது?
2. கீச்சானை லின்னேயஸ் ஏன் கழுகோடு சேர்த்தார்?
3. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து நாம் தவறாக முடிவு செய்த நேரம் உண்டா? கூடிப் பேசுங்கள்.